அப்பா பார்க்க வந்த கப்பல்

2006-ம் வருடம். நான் கோவையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீடு திருப்பூர் வேலம்பாளையத்தில். அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு செமஸ்டர் முழுவதையும் கப்பலிலேயே நடத்துகிறது என்பது எங்கள் பேராசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடலில் போகும்போது வகுப்பு. கப்பல் நிற்கிற துறைமுகங்களில் இறங்கி அந்த நாட்டைச் சுற்றிப் பார்ப்பது. அவர் தூண்டியதால் விண்ணப்பித்தேன். முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்துவிட்டது.

பொட்டப்பிள்ளையைத் தனியாகக் கப்பலில் அனுப்ப அப்பா சம்மதிக்கவே மாட்டார் என்று நானும் அம்மாவும் பயந்து பயந்துதான் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கெல்லாம் குளுருமா?" என்பதுதான். அடுத்த வாரமே கனமான துணி வாங்கி, அவரே கட் பண்ணி, தெரிந்த டெய்லரிடம் கொடுத்து, கழுத்து வரை மூடுகிற மேல்சட்டைகள் தைத்துக்கொண்டு வந்தார். எல்லாமே எனக்கு ஒரு சைஸ் பெரியவை. "கப்பல்ல நல்லாச் சாப்பிட்டு உடம்பு வெச்சுதுன்னா?" என்றார்.

பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி என்று எல்லாவற்றுக்கும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். கடலில் போனால் வாந்தி வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதையும் சோதித்துப் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு வால்பாறை பஸ்ஸில் ஏறினார். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நீ பாஸாயிட்ட கண்ணு" என்று வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, கம்பெனியில் கட்டிங் டேபிள் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. கோவைக்குக் கொண்டு போனோம். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கண் விழித்துப் பேச முடிந்ததும் அவர் என்னிடம் சொன்னது, "நீ கெளம்பற வேலையைப் பாரு சாமி. எனக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா பாத்துக்குவா."

நான் தலையாட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், வர இயலாது என்று மெயில் அனுப்பிவிட்டேன். அம்மாவிடம்கூட அனுப்பிய பிறகுதான் சொன்னேன். அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால், திடீரென்று பெரிய மனுஷியாகிவிட்ட மாதிரி ஒரு பெருமைகூட இருந்தது. அப்பாவிடம், "கப்பல்ல ஏதோ ரிப்பேருங்கப்பா. இந்த வருசம் போகலையாம்" என்றேன். நம்பிவிட்டார். என்னைவிட அவர்தான் வருத்தப்பட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவர் வீட்டுக்கு வந்த பிறகு, பேராசிரியை பார்க்க வந்தார். காபி குடித்துக்கொண்டே, "உங்களுக்காக எவ்வளவு பெரிய வாய்ப்பை விட்டுட்டா தெரியுமாங்க? இந்நேரம் கப்பல்ல இருந்திருப்பா" என்று என்னைப் புகழ்ந்தார். அப்பா "அப்படிங்களா" என்றதோடு சரி. பேராசிரியை போன பிறகும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

தீபாவளி நெருங்குகிற சமயத்தில், அந்தக் கப்பல் சென்னைக்கு வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்பா படித்துவிட்டு, "நாளைக்குச் சென்னைக்குப் போயிட்டு வந்தரலாம் கண்ணு" என்றார்.

"ஏனுங்க, அலையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சுங்களா?" என்று அம்மா கத்தினார். அப்பா கேட்கவில்லை.

துறைமுக வாசலில் காவலாளி பாஸ் கேட்டார். "என்ற புள்ள போவ வேண்டிய கப்பலுங்க. தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடறமுங்க" என்று அப்பா கெஞ்சினார். காவலாளி கையை விரித்துவிட்டார். கன்டெய்னர்களுக்கு மேலே வெள்ளையாக மேல்தளமும் புகைபோக்கியும் மட்டும் தெரிந்தன. அப்பா வெயிலில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது கப்பலில் வந்த மாணவர்கள் சிலர் பேசிச் சிரித்தபடி வெளியே வந்தார்கள். நான் தடுப்பதற்குள் அப்பா ஒரு பெண்ணிடம் போய்விட்டார். "என்ற புள்ளையும் உங்களோட இந்தக் கப்பல்ல வர வேண்டியவ, அம்மிணி. எனக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். உங்கள் பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று அப்பா வாழ்த்துகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கைகூப்பிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

"ஷிப்புங்கற வார்த்தையே நீ சொல்லலையே கண்ணு" என்றார் அப்பா. கம்பெனியில் தினமும் ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் என்றே கேட்டுப் பழகியவர். அவரை அந்த இடத்தில் ஏமாற்ற முடியவில்லை.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்கப்பா" என்றேன்.

"எனக்கு இருக்குது. நான் உன்னைப் போகச் சொன்னேன். போகச் சொன்ன அப்பனா இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம, போக விடாத அப்பனா ஆக்கிப்போட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பசிக்கிறதா என்று கேட்டு, ஸ்டேஷன் பக்கத்தில் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அப்பா சில வருடங்கள்தான் இருந்தார். எனக்கு வேலை கிடைத்தபோதும், என் கல்யாணத்திலும், யாராவது என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் போதும், "என்னாலதானுங்க அவ கப்பல்ல போகாம நின்னுட்டா" என்று ஆரம்பித்துவிடுவார். அப்படியில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறியதே இல்லை. அவருக்காக நான் எதையோ விட்டுக்கொடுத்ததாக நினைத்திருந்தேன். அதன் பாரத்தைக் கடைசி வரை சுமந்தது அவர்.

மறுபடி அதே நிலைமை வந்தால் நான் கிளம்புவேனா என்று இன்றும் தெரியவில்லை, ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்கப்பா பண்ணட்டும்?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று நினைக்காத நாள் இல்லை.