வட்டம் அழிந்த குழாய்

எங்கள் ஆய்வகத்துக்கு மூக்கு வந்திருக்கிறது என்றுதான் வீட்டில் சொன்னேன். முழு மூக்கு அல்ல. மனித மூக்குக்குள் மணத்தைப் பிடிக்கிற புரதங்களில் ஒன்று. அதுவும் யாருடைய மூக்கிலிருந்தும் எடுத்ததல்ல. அதற்கான மரபணுவைக் கோதுமை முளைச் சாற்றில் இட்டுச் செய்வித்தது.

"அப்போ சப்பாத்திக்கு உறவுக்காரன்," என்றார் கணவர். அவருக்கு ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. "சாம்பார் வாசனை தெரியுமா அதுக்கு?"

"தெரிஞ்சாலும் யார்கிட்ட போய்ச் சொல்லும். குழாய்க்குள்ள தனியா கிடக்கு."

நான்கு மாதம் காத்திருந்து வந்த சரக்கு. கண்ணுக்கு மருந்து விடுவார்களே, அந்த அளவு சில சொட்டுகள். அதை ஐந்து சிறு குழாய்களில் பிரித்து, மூடியில் வட்டம் போட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் புரதமே இல்லாத வெறும் கரைசலை இன்னும் ஐந்து குழாய்களில் ஊற்றி, பெருக்கல் குறி போட வேண்டும். எல்லாவற்றையும் மைனஸ் எண்பது ஃப்ரீசருக்குள் வைத்துவிட வேண்டும். உருகி உருகி உறைந்தால் புரதம் கெடும் என்பதால், தேவைப்படும் நாள்வரை தொடக்கூடாது. தொடக்கூடாது என்பதைத் தவிர மற்றதெல்லாம் சரியாகச் செய்தேன்.

தூங்கும் மகள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தே அவளை எழுப்பிவிடுகிறவள் நான். மதியச் சாப்பாட்டின்போது, குறிகளை மாற்றிப் போட்டிருப்பேனோ என்று தோன்றிவிட்டது. பாதி டப்பாவை மூடிவிட்டு ஓடினேன்.

குழந்தை பிறந்ததிலிருந்து எதைத் தொடுவதானாலும் முதலில் கையில் ஸ்பிரிட் தெளித்துக்கொள்வது வழக்கமாகியிருந்தது. அன்றும் கையுறை நனைய நனையத் தெளித்துக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு மூடிகளில் மட்டும் பனி படர்ந்து குறி மங்கலாகத் தெரிந்தது. இரண்டையும் வெளியே எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தேன். பனி போயிற்று. கூடவே ஒன்றிலிருந்து வட்டமும் மற்றதிலிருந்து பெருக்கலும் போயின. மார்க்கர் மை ஸ்பிரிட்டில் அழியும் என்பது ஆய்வகத்துக்கு வந்த முதல் வாரமே எல்லாரும் தெரிந்துகொள்வது. நான் எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு.

வலது கையில் இருந்ததுதான் புரதம் என்று வட்டம் போட்டேன். அரை நிமிடம் யோசித்தேன். நடுவில் கை மாற்றினேனோ? அழித்துவிட்டு, இடது கைக் குழாய்க்கு வட்டமும் வலது கைக் குழாய்க்குப் பெருக்கலும் போட்டேன். திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி மாலை பஸ் உப்பல் நிறுத்தத்தைத் தாண்டும்வரை நீடித்தது.

மறுநாள் காலை அந்தக் குழாய்களை வைத்துத்தான் ஆய்வகத் தலைவரான மேடம் சோதனையைத் தொடங்கப்போகிறார். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். ஏ.எஸ்.ராவ் நகரில் இறங்கி, மகளைக் கிரெஷ்ஷிலிருந்து அழைத்து வந்து, கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா போச்சு. நாளைக்கு ஊருக்கே தெரியும்."

தெரிந்தது. காலையில் மேடத்திடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். இந்த ஊர் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். கோபம் வந்தால் பேச்சில் ஊர் உருது கலக்கும். மூன்று விதமாக ஒத்திகை பார்த்திருந்த மன்னிப்பை நான் ஆரம்பிக்கும் முன்பே குறுக்கிட்டார்.

"ஏம்மா திறந்தே?"

"சரியா இருக்கான்னு பாக்க, மேடம்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். அதுவரைக்கும்."

"ஹவ். அப்புறம் கைக்கு துடைச்சே?"

ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன். பனி படர்ந்திருந்ததைச் சொன்னேன்.

இரண்டு குழாயிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து ஜெல்லில் ஓடவிட்டோம். புரதம் இருந்தால் சாயம் ஏற்றியதும் கோடு தெரியும். மாலையில் பார்த்தால், நான் வட்டம் போட்ட குழாயில் ஒன்றுமில்லை. பெருக்கல் போட்டதில் அழகான நீலக் கோடு. முதலில் நினைத்ததுதான் சரி. யோசித்துத்தான் கெடுத்திருக்கிறேன்.

"இதை அப்படியே போட்டிருந்தா, வெறும் தண்ணிக்கு மணம் தெரியும்னு பேப்பர் எழுதியிருப்போம்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உருகிவிட்ட இரண்டு குழாய்களும் குப்பைக்குப் போயின.

"மேடம், என் ஒப்பந்தம்..."

"முதல்ல நோட்புக்ல எழுது."

குறிகள் அழிந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன் என எழுதினேன். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

"அழிஞ்சிருக்கக்கூடுமாம். யாரு அழிச்சா?"

"நான்தான்."

"அதை எழுது."

நான் அழித்தேன் என்று எழுதினேன். மேடம் அதன் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தம்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா நிரப்பிக் கொண்டு வரவா, மேடம்?"

"நக்கோ. இங்கேயே. என் முன்னாடி."

பெயரை ஒரே தடவையில் எழுதினேன். வீட்டுப் பின்கோடில், சரிதானா என்று கை நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால், எழுதிவிட்டேன்.