ஆறேகால் லிட்டர்

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸான அவளுக்கு அளவு அக்கா என்று பெயர். நோயாளிக்கு உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று முப்பத்தோரு வருடம் எழுதியவள். ரத்தத்துக்கு அவள் பயந்ததில்லை. பிணத்துக்கும் பயந்ததில்லை. காருக்கு அடியில் படுக்க வேண்டும் என்றதும் பயந்தாள்.

படுக்காமல் தீராது. தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. பஸ் விபத்தில் முதுகு அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அவனைக் கொண்டுபோக இந்தப் பழைய டீசல் கார்தான் உண்டு. அதற்கு எஞ்சின் ஆயில் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. பட்டறையில் விட்டால் மூன்று நாள் வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கே வந்து ஆயில் மாற்றித் தந்த மெக்கானிக் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஒரு முறை டயாலிசிஸ் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்படி உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவர்களை அவள் கையில் பிடித்திருக்கிறாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் அங்கே இருந்தாக வேண்டும்.

ஷெட் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி தம்பி மேற்பார்வை பார்த்தான்.

"ஜாக்கியை நம்பாதக்கா. ஸ்டாண்டு வெச்சியா?"

"வெச்சாச்சு."

"ரெண்டு பக்கமும்?"

"இருபது வருஷம் பஸ் ஓட்டினியே, ஒரு நாளாவது அடியில படுத்திருக்கியா? வாயை மூடிட்டு உக்காரு."

"படுத்ததில்ல. அந்தப் பயத்துலதான் கேக்குறேன்."

வண்டியை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். மூக்குக்கு ஒரு சாண் மேலே ஒன்றரை டன் இரும்பு. அடிப்பக்கத்துத் திருகைக் கழற்றியதும் கறுப்பு ஆயில் தண்ணீராக ஓடியது. டீசல் வாடை அடித்தது. டீசல் வண்டியில் டீசல் வாடை அடிக்காமல் பன்னீரா மணக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

லிட்டர் கோடு போட்ட வாளியில்தான் பிடித்தாள். சொட்டு நின்ற பிறகு குனிந்து, கோட்டை நேர்மட்டத்தில் பார்த்தாள். ஆறேகால்.

பழைய ஃபில்டரைக் கழற்றி, அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் பூசி, ஃபில்டரைக் கையால் திருகி மாட்டினாள். அடித்திருகை முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபோதுதான் பாதி உயிர் திரும்பி வந்தது. புது ஐந்து லிட்டர் டப்பாவோடு மெக்கானிக் விட்டுப்போன டப்பாவிலிருந்தும் ஊற்றினாள். வெளியே வந்தது ஆறேகால், உள்ளே போனது ஆறேகால். கணக்குச் சரி. எஞ்சினுக்குள் ஆயில் மட்டம் காட்டும் அளவுக் கம்பியை உருவினாள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது. இப்போது ஊற்றியது வழிந்து ஒட்டியிருக்கும் என்று துடைத்து வைத்தாள்.

"என்னை உள்ள உக்கார வையிக்கா. சத்தத்தைக் கேட்டாலே சொல்லிடுவேன்."

எழுபத்தெட்டுக் கிலோவை நாற்காலியிலிருந்து முன் சீட்டுக்கு மாற்றி பெல்ட் போட்டாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடியது, ஆயிலுக்கான சிவப்பு விளக்கு அணைந்தது. அடியில் ஒழுகுகிறதா என்று பார்க்க இறங்கிக் குனிந்தாள்.

யாரும் தொடாமல் எஞ்சின் வேகம் எடுத்தது.

"அக்கா, ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சா?"

அவள் எழுவதற்குள் அது ஊளையிட ஆரம்பித்திருந்தது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு ஷெட்டை நிறைத்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி உருவினாள். சாவி கையில் இருந்தது; எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் நோயாளியை வெளியே எடு: அது ஒன்றுதான் மண்டையில் நின்றது. அந்தப் பக்கம் ஓடி பெல்ட்டைக் கழற்றி, அவன் அக்குளில் கை கொடுத்தாள். பதற்றத்தில் பிடி வழுக்கியது; தூக்க முடியவில்லை.

"விடுக்கா." அவன் இருமினான். "இது ஆயிலைக் குடிச்சு ஓடுது. சாவிக்கு அடங்காது. வெடிக்கிறதுக்குள்ள நீ ஏறு."

"எதிர்ல சுவரு இருக்குடா."

"இருக்கட்டும். பிரேக்கை முழுசா மிதி. டாப் கியர் போட்டுக் கிளட்ச்சை விடு. எஞ்சின் திணறி நின்னுடும்."

அவள் ஏறினாள். புகையில் சுவர் தெரியவில்லை, தம்பி முகமும் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வலது காலைப் பிரேக்கில் வைத்தாள். அதன்மேல் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டாள். கியரைத் தள்ளி, இடது காலை எடுத்தாள். வண்டி ஒரு முழம் குதித்தது, உலுக்கியது, செத்தது.

காது ரீங்கரித்தது. அவனை நாற்காலிக்கு மாற்றி வெளிக்காற்றுக்குத் தள்ளிப்போய், நாடி பார்த்தாள், முதுகில் காது வைத்து மூச்சைக் கேட்டாள். இரண்டு பக்கமும் சுத்தம்.

"எவ்வளவு ஊத்தின?"

"வந்ததை அளந்து ஊத்தினேன். ஆறேகால்."

"இதுக்கு நாலரைதான்க்கா. டீசல் கசிஞ்சு பழைய ஆயில்ல இறங்கியிருக்கு. நீ அதிகமா ஊத்தினதை எஞ்சின் உறிஞ்சிடுச்சு. கம்பியைப் பாத்தியா?"

"பாத்தேன். வாளியை நம்பிட்டேன்."

"வந்ததை அளந்து ஊத்துற கணக்கு மனுஷனுக்குத்தான்க்கா" என்றான்.

அவள் டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்தாள். எடுத்தவள் ஒரு காலத்தில் அவளிடம் வேலை பழகியவள். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி வேன் அனுப்பு. இல்லம்மா, உன்னைக் கேக்கல. சொல்றேன்."

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. வழி நெடுகத் தம்பி பேசிக்கொண்டே வந்தான். ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை. அவள் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் சாவியைத் திருப்பினான்.

"டிரைவர் தம்பி, எஞ்சின் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவன் திரும்பிப் பார்த்து மறுபடி தலையாட்டிய பிறகுதான் கதவைத் திறந்தாள்.