முள் மட்டும் பழுப்பாக இருந்தது

போன மாதம் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துக் காபிக் கடையில், பெங்களூரிலிருந்து வந்த பையன் ஒருவன் தன் பழைய வாட்சை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். கறுப்பு டயல் வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிட்டதாம். அதனால்தான் அதற்கு மதிப்பாம். தேடி அலைந்து வாங்கினானாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பழுப்பேறிய டயல் என்று யார் பேசினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வயதில் பிடித்த கோபம் அது.

அப்பா பஸ் டிரைவர். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் போய்ப் போய் வருவதுதான் வேலை. கியர் போடுகிற கையில் வாட்ச் இடிபடுகிறது என்று வலது கையில் கட்டுவார். அந்தக் கை நாள் முழுக்க ஜன்னலோரம் வெயிலில் கிடக்கும். கறுகறுவென்று இருந்த டயல் வருஷக்கணக்கில் காய்ந்து, ஓரத்தில் செம்மண் நிறமும் நடுவில் வெல்ல நிறமுமாக மாறிவிட்டிருந்தது. இருட்டில் மணி தெரிவதற்காகப் புள்ளிகளிலும் இரண்டு முட்களிலும் வைத்திருந்த பூச்சு ஒரு காலத்தில் வெள்ளையாம். எனக்கு விவரம் தெரிந்தபோது அது டீ நிறத்துக்கு வந்திருந்தது. நாலு மணிப் புள்ளிக்குப் பக்கத்தில் பொரிந்தாற்போல ஒரு கறை. ஒரு தீபத்தன்று கொட்டுகிற மழையில் ஸ்பெஷல் வண்டி ஓட்டியபோது கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கியதால் வந்தது என்று அப்பா சொல்வார்.

அக்கா அதைத் துருப்பிடித்த வாட்ச் என்பாள். எனக்கு அதன் மேல் உயிர்.

"பத்தாவது பாஸ் பண்ணு. இது உனுக்குத்தான்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

அக்கா நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மோதிரத்தோடு வாட்சும் போடவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வாட்ச் என் பொறுப்பு என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார். மறுநாள் அப்பாவின் வலது கை வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "சர்வீஸுக்கு மாமாகிட்ட குடுத்துக்கிறேன்" என்றார்.

நிச்சயம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நடந்தது. தட்டு மாற்றியானதும் மாமா சிவப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார். "நம்ம ஆட்டோல வர்ற வெள்ளக்காரரு ஒருத்தரு, ஊருக்குப் போய் வாங்கியாந்தது. ஃபாரின் சரக்குங்க" என்றார். பெட்டி கை மாறி மாறி வந்தது. என்னிடம் வந்தபோது எட்டிப் பார்த்தேன். டயல் மை மாதிரி கறுப்பு. புள்ளிகள் பால் வெள்ளை. ஆனால் இரண்டு முட்களும் டீ நிறத்தில் இருந்தன. டயலுக்குப் பெயிண்ட் அடித்தவன் முள்ளை அப்படியே விட்டுவிட்டான்.

"இது எங்கப்பா வாட்ச்சு!" என்று கத்தினேன். "பெயிண்ட் அடிச்சி ஏமாத்துறாரு மாமா! முள்ளப் பாருங்க!"

மாப்பிள்ளையின் அம்மா வாட்சை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாங்க இது? பழச பாலிஷ் போட்டுக் குடுத்துக்கிறீங்க?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமாதான் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாப்பா சொல்றது நெசந்தாங்க. மச்சான் சர்வீஸுக்குன்னு குடுத்தாரு, நாந்தான் இப்டி பண்ணிட்டேன். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணத்துக்குள்ள புதுசு வந்துரும்."

புது வாட்ச் வந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிபந்தனை போட்டார்கள். திருட்டுக் கை தொட்ட தட்டு மணமேடைக்கு வரக்கூடாது. அதனால் தாய்மாமன் சீரை அம்மாவின் பெரியப்பா மகன் தூக்கி வந்தார். அம்மா அன்றைக்கு முழுக்க அழுதாள். எனக்கோ பரம திருப்தி. பழைய வாட்சை அப்பா அப்புறம் கட்டவேயில்லை. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தபோது எனக்கும் தரவில்லை. அந்தப் பழியையும் மாமா தலையில்தான் போட்டேன்.

அப்பா இறந்து ஒரு வருஷம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள். பெயிண்ட் அடிக்கச் சொன்னது அப்பா. தன் வாட்சை மாப்பிள்ளைக்குப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னதும் அப்பா. மாமா வேண்டாம் என்றிருக்கிறார். வெள்ளைக்காரர் கதையைக்கூட அப்பாதான் கட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

மாமாவிடம் ஓடினேன். "அத்த வுடு பாப்பா, எப்பவோ நடந்தது" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். செத்துப்போன மனிதரோடு சண்டை போடக்கூடாது என்பார்கள். நான் இன்றைக்கும் அப்பாவோடு சண்டை போடுகிறேன்.

கல்யாணத்தன்று மாமாவை மண்டபத்துக்குள் விடவில்லை. வாசலில் நின்று வேன்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓரடி தள்ளி அப்பா, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டபடி. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் அந்தப் பக்கமாகப் போனேன்.

"சாப்ட்டியா பாப்பா?" என்றார் மாமா.

"திருடங்கூட நான் பேசமாட்டேன்" என்றேன்.

மாமா சரி என்று தலையாட்டினார். அப்பாவுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் அவர் என்னை அதட்டவில்லை. அதனால் நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.