ஜாதிக்காயில் யாருக்கு எது

பினாங்குக்கு வந்து நாலாவது நாள். தண்ணீர்மலைக் கோயில் ஏறியாயிற்று, பட்டர்வொர்த்துக்குப் படகில் போய்த் திரும்பியாயிற்று. இதையே ஊரில் போய்ச் சொன்னால் எவன் காது கொடுப்பான்? பி.ஏ. படித்தவன் கப்பல் ஏறியதற்கு உருப்படியாக ஏதாவது பார்க்க வேண்டாமா?

நாங்கள் தங்கியிருந்தது ஒரு கிளார்க்கின் வீட்டில்; அவருடைய அக்கா அந்தோணியம்மாள்தான் வழி காட்டினார். படகுத் துறையில் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய் விற்பவர். ஒரு துண்டு வாயில் போட்டேன்: முதலில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் மூக்கு வரை மணம். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "பொறுக்கப் போறோம், வாங்களேன்" என்றார்.

காலை ஆறரைக்குப் பஸ். பாலிக் புலாவுக்கு ஆளுக்கு முப்பது காசு. என்னோடு கப்பலில் வந்த சாமிநாதனும் ஏறினான். திருச்சியில் நாட்டு மருந்துக் கடைக்காரர் மகன். ஜாதிக்காய் என்றதும் தூக்கம் பறந்துவிட்டது அவனுக்கு. பின் இருக்கைகள் முழுக்க அந்தோணியம்மாளின் தெருப் பெண்கள், மடியில் காலிக் கூடைகள். பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் தாண்டி கெந்திங் மேட்டில் பஸ் முக்கிக்கொண்டு ஏறியது. டிரைவர் திரும்பிப் பார்த்து, எல்லாரும் இறங்கித் தள்ளினால் பாதிக் காசு திருப்பித் தருவதாகச் சொன்னார். பெண்கள் சிரித்தார்களே தவிர ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

எட்டரைக்குத் தோட்ட வாசல். அங்கே மேஸ்திரி காதர் அண்ணன். மேஸ்திரியை இங்கே மண்டோர் என்கிறார்கள். தலைகளை ஒரு பார்வை பார்த்தார், புது முகம் இரண்டையும் அதிக நேரம் பார்த்தார். "எம் பொறுப்பு அண்ணே" என்றார் அந்தோணியம்மாள். கதவு திறந்தது. "தோட்டத்துப் பங்கத் தொடாதீங்க, நம்ம பங்க மட்டும் கூடையில போடுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவர் முன்னே நடந்தார்.

ஜாதிமரம் கரும்பச்சை. காய் மஞ்சளாய், சின்ன மாதுளை அளவு. பழுத்தால் தானே வாய் பிளக்கும். உள்ளே கறுத்த கொட்டை, அதன்மேல் வலை போட்டது போல ரத்தச் சிவப்பில் ஜாதிபத்திரி. நீண்ட மூங்கிலின் நுனியில் சின்னக் கூடை கட்டிப் பெண்கள் பறித்தார்கள். நானும் முயன்று ஒரு காயை என் தலையிலேயே இறக்கிக்கொண்டேன்.

வேலை நடக்கும் முறைதான் எனக்குப் புதுசாக இருந்தது. கூலி கிடையாது. பெண்கள் பறித்து, உரித்து, கொட்டையையும் பத்திரியையும் தோட்டத்துச் சாக்கில் போடுகிறார்கள். கப்பலேறுவது அதுதான். சதையை விட்டுவைத்தால் அழுகி ஈ மொய்க்கும் என்று தோட்டக்காரர் அதை இவர்களுக்கு விட்டுவிடுகிறார். உப்பில் போட்டு, சர்க்கரையில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து இந்தத் தெரு ஆறு மாதம் பிழைக்கிறது. "ஒரே ஒரு கொட்டை நம்ம கூடையில இருந்தாலும் போச்சு தம்பி. இந்தக் கதவு அதுக்கப்புறம் தெறக்காது" என்றார் அந்தோணியம்மாள்.

அப்போதுதான் சாமிநாதனைத் தேடினேன். அவன் மேட்டுப் பக்கம் தனியாகப் போயிருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வாசலில் கூடினோம். சாமிநாதன் கடைசியாக இறங்கி வந்தான். தோளில் கூடை, கூடைமேல் அழகாக இலை மூடல். காதர் அண்ணன் இலையை விலக்கினார். உள்ளே கொட்டையும் பத்திரியும் தளும்பத் தளும்ப.

மண்டோர் அந்தோணியம்மாளைப் பார்த்தார். "ஒளிச்சு வேற கொண்டாறான். உன் பொறுப்புன்னுதானே அந்தோணி உள்ள விட்டேன்?"

பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தோணியம்மாளின் முகம் வெளுத்திருந்தது. சாமிநாதனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "சதைய என்ன பண்ணுன?"

"தோலா அக்கா? அங்கனயே தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் விறுவிறுவென்று மேட்டில் ஏறினார். மண்டோரும் நாங்களும் பின்னால். மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் சதை குவிந்து கிடந்தது. அடியில் கிடந்தவை பழுப்பேறியிருந்தன.

"பாருங்க அண்ணே. திருட வந்தவன் தன் பங்க மரத்தடியில கொட்டிட்டு, உங்க பங்கத் தூக்கிட்டு உங்ககிட்டயே வருவானா?"

காதர் அண்ணன் குவியலைப் பார்த்தார், சாமிநாதனைப் பார்த்தார். எதற்கு இலை போட்டு மூடினாய் என்று கேட்டார். மணம் போகாமல் இருக்க, கடையில் அப்பா அப்படித்தான் மூடி வைப்பார் என்றான் அவன். "எங்க கடைக்குக் கொட்டைதான் வரும், நம்ம பங்கும் அதுதான்னு நெனச்சேன். சுத்தி இம்புட்டுப் பழம் இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

மண்டோர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றார். கூடையை வாங்கிச் சாக்கில் கவிழ்த்தார். "அடுத்த வாரமும் வா அந்தோணி. இந்த வைத்தியர விட்டுட்டு வா." பஸ் ஏறுமிடம் வரை எல்லாருடைய கூடையையும் மாற்றி மாற்றிச் சுமந்தவன் சாமிநாதன். யாரும் சுமக்கச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஒற்றைக் கொட்டையைத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் உரசிப் புகட்டுவோம். அதைச் சுற்றி ஒரு பழம் இருந்ததா, அது எங்கே போனது என்று நான் படித்த கல்லூரியிலும் ஒருவரும் கேட்டதில்லை. இனி எனக்கு அந்தக் கொட்டை பாதிப் பொருள்தான்.

கப்பலேறும் நாளில் அந்தோணியம்மாள் துறைமுகத்துக்கு வந்தார். சாமிநாதன் கையில் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்ச் சதை நிறைந்த ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். காசு கொடுக்கப் போனவனைத் தடுத்தார்.

"உங்கப்பா கேட்டா ஜாதிக்காய்னு சொல்லு தம்பி. கொட்டை எங்கடான்னு கேட்டா, அது தோட்டத்துக்காரர் பங்குன்னு சொல்லிடு."