என் வீட்டுக்காரரின் சர்க்கரை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் அவருக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முதலில் மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்க்கும். அப்புறம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வரும். குழம்பில் உப்பில்லை, பேப்பரை யார் கலைத்தது, கொல்லைக் கதவை ஏன் திறந்து போட்டாய் என்று ஆரம்பித்தாரானால், நான் பதிலே பேசாமல் ஒரு வெல்லக்கட்டியை எடுத்துக் கையில் வைப்பேன். தின்றுவிட்டுச் சற்று நேரம் கழித்து, "கத்துனேனாடி?" என்று கேட்பார். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெண்டாட்டிகளில் இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வமே உண்டு.

போன வருஷம் அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது. சென்னையில் இருக்கும் என் மருமகள் ஒரு சென்சார் வாங்கி வந்து மாமனாரின் கையில் ஒட்டினாள். மேற்கையின் பின்பக்கம் ஒரு வெள்ளை வில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து முடி மாதிரி ஒரு இழை தோலுக்குள் போயிருக்குமாம். விரலில் குத்தாமல், ரத்தம் எடுக்காமல், சர்க்கரை எவ்வளவு என்று அவர் போனுக்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் போன் சென்னையில் இருக்கிற அவள் போனுக்குச் சொல்லும். ரொம்ப இறங்கினால் அங்கே மணி அடிக்கும். நல்ல பொருள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் புருஷன் உடம்பில் நடப்பது சென்னையில் ஒருத்திக்குத் தெரிந்து, அவள் போன் போட்டுச் சொல்லி நான் தெரிந்துகொள்வதா?

"அத்தை, மாமாவுக்கு ஏறியிருக்கே. காலைல என்ன குடுத்தீங்க?"

"இடியாப்பம்."

"தேங்காப்பால் ஊத்தியா?"

என் அடுப்படியில் அவள் மணை போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவரோ வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டினார். "எம் மருமக வாங்கிக் குடுத்தது" என்று ஒரு பெருமை வேறு. காலையில் காபி குடிக்கும் முன்பே அவளோடு போனில் பேச்சு ஆரம்பித்துவிடும். "நேத்து கிராஃப் எப்படிம்மா இருந்துச்சு?" என்பார். என்னோடு பேச அவருக்கு அவ்வளவு விஷயம் என்றைக்குமே இருந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

ஒருநாள் மத்தியானம் அவள் பதறியடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். மாமாவுக்கு விறுவிறுவென்று இறங்குகிறது, உடனே சர்க்கரை கொடுங்கள் என்றாள். போய்ப் பார்த்தால் மனிதர் சிமெண்டுத் தரையில் வெறும் துண்டை விரித்து, வில்லை இருக்கிற கையின் மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். நெற்றி காய்ந்து கிடக்கிறது. அவரைப் புரட்டிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எண் தானாக ஏறிவிட்டது. அந்த வில்லையை அழுத்திப் படுத்தால் இல்லாத இறக்கத்தைக் காட்டும் என்று பிற்பாடு தஞ்சாவூர் டாக்டரே சொன்னார். அதை நான் ஊர் பூராவும் சொன்னேன். மருமகளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் சம்பா நடவு வந்தது. நடவு தொடங்குகிற அன்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வயலின் சனிமூலையில் பிள்ளையார் பிடித்துவைத்து, வெல்லமும் பழமும் படைத்து, முதல் நாற்று முடிச்சை நடும்வரை நிலத்துக்காரர் பல்லில் பச்சைத்தண்ணீர் படக்கூடாது. விடிந்ததும் நட்டுவிடலாம், உடனே சாப்பிட்டுவிடலாம் என்று அவர் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நாற்று ஏற்றி வந்த டிராக்டர் வாய்க்கால் மதகில் மாட்டிக்கொண்டது. அது வந்து சேர்வதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. கழியட்டும் என்று எல்லாரும் கரையில் நின்றோம். ராகுகாலத்துக்கு நாங்கள் காத்திருந்தோம். போட்ட ஊசி காத்திருக்குமா?

எனக்கு அது தெரியாமல் இல்லை. "ஒரு வாய் எதாவது குடிங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "இருடி, ஆச்சு" என்றார். சரி, முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் போன் அடித்தது.

"அத்தை, மாமா எங்க? சுகர் அறுபதுக்கு இறங்கிடுச்சு, போனை எடுக்க மாட்டேங்கறாங்க."

"என் கண்ணு முன்னாடிதான் நிக்கிறாரு. டிராக்டர் சத்தத்துல கேட்டிருக்காது. வேர்க்கல, கத்தல. நடவாளுங்ககிட்ட கேலி பேசிக்கிட்டு நிக்கிறாரு. உன் மிஷினு அன்னைக்கு மாதிரிதான் இன்னைக்கும் சொல்லுது."

"இப்ப படுத்திருக்கலையே அத்தை. விரல்ல குத்திப் பாருங்க, ப்ளீஸ்."

"லைன்லயே இரு" என்றேன். விரலில் குத்திப் பார்க்கிற பழைய மெஷின் எப்போதும் என் வயர்கூடையில் இருக்கும். அவள் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் அதை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்.

அவள் சொன்னதைவிட என் மெஷினில் இன்னும் குறைவாகக் காட்டியது. நான் மறுபடி அவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கோபம் இல்லை. "என்னடி முழிக்கிற?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குத்தான் வியர்த்தது. படையல் தட்டில் இருந்த வெல்லத்தை எடுத்தேன்.

"இன்னும் படைக்கலயேடி!"

"பிள்ளையார் பொறுத்துக்குவாரு. வாயத் தொறங்க."

நடவுக்கு வந்த பெண்கள் அவரைப் பிடித்து வரப்பில் உட்காரவைத்தார்கள். ஒருத்தி தன் தூக்குவாளியில் இருந்த டீயைச் சர்க்கரை நிறைய இருக்கிறது என்று ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டுவிட்டு, "ரொம்ப வருஷமா இருக்கு, அடிக்கடி இறங்கியும் இருக்கு. அப்படி ஆனா சிலருக்கு உடம்பு அறிகுறி காட்டுறத நிறுத்திடும்மா. வேர்க்காது, படபடக்காது. நேரா மயக்கம்தான். நல்லவேளை, கையில இது இருந்துச்சு" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருஷம் எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன உடம்பு, இப்போது எனக்கு ஒன்றும் சொல்லாமல் நேற்று வந்த வில்லையிடம் போய்ச் சொல்கிறது. மருமகள் மேல் பொறாமைப்படுவது இதற்கு எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "அது எம் போன்லயும் அடிக்கிற மாதிரி பண்ணிக் குடு" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மொத நாளே உங்க போன்லதான் போடப் போனேன் அத்தை. மாமாதான் தடுத்துட்டாங்க. 'அவளுக்கு எதுக்கும்மா இது, என் மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவா'ன்னாங்க."

நான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன். அவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அங்கிருந்தே எதை அமுக்க வேண்டும், எதற்குச் சரி கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் என் போனிலும் அவருடைய எண் வந்து நின்றது.

"இனிமே ரெண்டு பேர் போன்லயும் ஒண்ணா அடிக்கும் அத்தை."

"என்னுது கொஞ்சம் முன்னாடி அடிக்கிற மாதிரி வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.