நாலு துணிக்காரம்மா

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மழைக்காலத்தின் முதல் தூறலில், பூங்காவின் புதிய கண்காணிப்பாளர் அந்தத் துப்புரவுப் பணியாளரை முதன்முதலாகப் பார்த்தார். அம்மாள் தாம் நனைந்துகொண்டே அங்கே அடக்கமாகியிருந்த தலைவரின் கல்லறைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, கல்லுக்கா குடை?”

“மெழுகு இன்னும் காயல சார். இப்பத் தண்ணி விழுந்தா திட்டுத் திட்டா ஆயிடும். அப்புறம் ஐயாவைக் கவனிக்க ஆளில்லைன்னு நாலு பேர் பேசுவாங்க.”

அம்மாள் ‘ஐயா’ என்றது, தாம் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட அந்தத் தலைவரை.

பூங்கா ஊழியர்கள் அம்மாளுக்கு நாலு துணிக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பறவை எச்சத்துக்கு ஈரத்துணி, தூசிக்கு உலர்ந்த துணி, மெழுகுக்குக் கம்பளித் துணி, கல்லில் செதுக்கிய எழுத்துகளுக்கு மட்டும் பழைய பருத்தித் துண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக் கூடாது. அந்தத் துண்டைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தின் குழியையும் துடைப்பார்.

பேருந்து ஓட்டுநரான கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இதைப் பார்த்துவிட்டு, “கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. என் முதுகை ஒரு நாளாவது இப்படித் தேச்சிருப்பியா?” என்று கேட்டார்.

“நீங்க ஒரு நிமிஷமாவது இப்படி அசையாம படுத்திருப்பீங்களா?”

கயிற்றுத் தடுப்பைத் தாண்டி வந்து கல்லின்மேல் யாராவது சாய்ந்தால் போயிற்று. “ஏம்ப்பா, சாஞ்சுக்க வேற இடமே கிடைக்கலையா? எழுந்திரு, ஐயாவுக்கு மூச்சு முட்டும்!”

இந்த ஆண்டு இளவேனிலில்தான் இடி விழுந்தது. தலைவருடைய பெயரின் கடைசி எழுத்து மழுங்கிப்போயிருப்பதை யாரோ படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். துப்புரவுப் பணியாளர் தேய்த்துத் தேய்த்தே எழுத்தைக் கரைத்துவிட்டாரா என்று ஆராயக் கல் நிபுணர் வருவார் என்றும், அது உண்மையானால் அம்மாளை வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் கண்காணிப்பாளருக்குக் கடிதம் வந்தது.

அதைப் படித்துக்காட்டியதும் அம்மாள் நான்கு துணிகளையும் மடித்து வைத்துவிட்டார். மூன்று நாள் கல்லைத் தொடவில்லை. எதிரிலிருந்த மரப்பெஞ்சில் அமர்ந்து தம் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். புறாக்கள் தம் விருப்பம்போல் நடந்துகொண்டன.

“இந்த விரல்தான் சார் தேச்சிருக்கும். நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன்? ஐயா பேரை நானே அழிச்சிட்டேன்னா, அப்புறம் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க நிப்பேன்?”

கண்காணிப்பாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மாற்றல் ஆணையில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தாம்.

நான்காம் நாள் காலையில் கல் நிபுணர் வந்தார். இளம்பெண், கையில் பூதக்கண்ணாடி. முழங்காலிட்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

“எல்லா எழுத்தையும் ஒரே மாதிரிதான் துடைப்பீங்களாம்மா?”

“ஆமாம் மேடம். எந்த எழுத்துக்கும் ஓரவஞ்சனை கிடையாது.”

“அப்ப மத்ததெல்லாம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கே?”

நிபுணர் எழுந்து, கல்லறையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே போய் நின்றார். அம்மாளும் கண்காணிப்பாளரும் பின்னாலேயே போனார்கள். சற்று நேரத்தில் ஒரு முதியவர் வந்தார். தலைகுனிந்து நின்றார், கயிற்றின் மேலாகக் கையை நீட்டிக் கல்லைத் தொட்டார், போய்விட்டார். அடுத்து ஒரு தம்பதி. அதன்பின், பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு தபால்காரர். நடைபாதை வந்து முடியும் அந்த இடத்திலிருந்து எவருக்கும் எட்டியது ஓர் எழுத்துதான்: கடைசி எழுத்து.

“உங்க துணி இல்லம்மா. தொட்டுட்டுப் போறவங்க கைதான் தேச்சிருக்கு. துணி மட்டும் பட்ட எழுத்தெல்லாம் அப்படியே இருக்கு. கயித்தை ரெண்டடி தள்ளிக் கட்டினா போதும்.”

“தினம் பார்க்கிறேனே மேடம்! ஆசையாத் தொடுறாங்க, அதனால என்ன ஆயிடப்போகுதுன்னு விட்டுட்டேனே!”

கண்காணிப்பாளர் மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். அம்மாள் முதலில் சிரித்தார்; பிறகு மூக்கை உறிஞ்சினார்; பிறகு கல்லைத் தலைமுதல் கால்வரை பார்த்து முகத்தைச் சுளித்தார். சீருடையின் கைகளை முழங்கைக்குமேல் சுருட்டிவிட்டுக்கொண்டே கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

“அந்த வாளியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். மூணு நாளா ஐயா குளிக்கவே இல்லை.”