வெயிலில் காயப்போட்ட முத்து

முத்தில் உருண்டைக்குத்தான் மதிப்பு. முத்து வளர்க்கப் பயிற்சி கொடுத்தவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். உருண்டையிலும் ஒரே அளவில் இரண்டு அமைந்தால் இன்னும் ஒரு படி மேல். அதற்கு அடுத்தது, சொட்டுகிற தண்ணீர் மாதிரி ஒரு முனை கூரானது. பிறகு அடி தட்டையானது. அரிசி போல நீளமானதும் கோணலும் கடைசி.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்கு மூன்று மா நிலம், ஒரு குட்டை. நெல்லில் மிஞ்சுவது போதவில்லை என்று குட்டையில் முத்துக்காக மட்டிச் சிப்பி வளர்த்தோம். வாய்க்காலில் கிடக்கிற மட்டிதான். உள்ளே சின்னதாக ஒரு மணியைக் கருவாக வைத்து, வலைப்பையில் போட்டு, கயிறு கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். ஒன்றரை வருஷம். பாசி துடைத்ததெல்லாம் என் மனைவி.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏங்க, ரெண்டு உருண்டைய எனக்கு வச்சிருங்க. காதுக்கு."

அவள் தோடு மகள் கல்யாணத்தோடு போய்விட்டது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் தோடுதான். சரி என்றேன்.

பங்குனியில் மட்டியைப் பிளந்தோம். பாதி மட்டியில் ஒன்றுமில்லை. கிடைத்ததைக் கழுவி முறத்தில் கொட்டினாள். உளுந்து பிரிப்பதுபோல் முறத்தைச் சாய்த்துத் தட்டினாள். உருண்டை ஓடியது. மற்றது அங்கங்கே நின்றுவிட்டது. நின்றதுதான் அதிகம். அதில் நீளமான ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"பாருங்க, அரிசி. நம்ம மண்ணுல வேற என்ன வெளையும்?"

சிரித்தாள். ஓடியதில் இரண்டு ஒரே அளவு. இரண்டையும் காதில் வைத்து என் பக்கம் திரும்பினாள். நன்றாக இருந்தது. நான் சொல்லவில்லை.

"காயப்போடு" என்றேன். "ஈரத்தோட கொண்டுபோனா வாங்குறவன் எடுக்க மாட்டான்."

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று எத்தனை தடவை நெல்லைத் திருப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "முத்துக்கு எதுக்குங்க வெயிலு?" என்று கேட்டாள். "சொன்னதச் செய்" என்றேன். களத்தில் தார்ப்பாய் விரித்து மூன்று நாள் காயப்போட்டாள். காக்கா தூக்கிவிடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த இரண்டையும் சேர்த்தே பொட்டலம் கட்டி, தஞ்சாவூரில் முத்து வாங்குகிறவர் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் வெள்ளைத் தட்டில் கொட்டி, தட்டைச் சாய்த்தார். இவள் என்னைப் பார்த்தாள். முறத்தைப் போலவே செய்கிறாரே என்று.

"உருட்டு நல்லாருக்குங்க. இந்த ரெண்டும் ஜோடி. இப்படி அமையறது கஷ்டம்" என்றார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஆனா ஒளி போயிருச்சே. மேல நூலு நூலா வெடிப்பு. வெயில்ல போட்டீங்களா? யாரு போட்டது?"

"இவதாங்க. தெரியாம பண்ணிட்டா" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அவள் அவரைப் பார்த்து, "ஆமாங்க" என்றாள்.

பொட்டலத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் ஏறினோம். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கேட்டாள்.

"உருண்டையாத்தான இருக்கு. அந்த ரெண்டையும் நான் போட்டுக்கிறனே."

"வெடிச்சதயா? ஊரு சிரிக்கிறதுக்கா?" என்றேன்.

அதோடு விட்டுவிட்டாள். இரண்டையும் கடுகு டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை.

சுடுகாட்டில் காதைக் காட்டிக் கேட்டார்கள், தோட்டைக் கழற்ற வேண்டுமா என்று. பங்காளி ஒருவர், "பிளாஸ்டிக்குதானப்பா, கெடக்கட்டும்" என்றார். கிடந்தது. அப்படியே போனாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு நகை ஆசாரியிடம் போனேன். ஓட்டை போட்டால் உடைந்துவிடும் என்றார். திரும்ப டப்பாவிலேயே போட்டேன். சில நாள் முறத்தில் விட்டுப் பார்ப்பேன். இரண்டும் நேராகத்தான் ஓடுகின்றன.

மகள் வரும்போதெல்லாம் சொல்லும். "அம்மா தெரியாம வெயில்ல போட்டுருச்சு, இல்லப்பா? இல்லாட்டி நல்ல வெல போயிருக்கும்."

மகளிடம் அப்படிச் சொன்னவள் என் மனைவிதான்.

நான் "ம்" என்பேன். போன பொங்கலுக்கு வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன்.